நம்பள்கி பேசாத ஹைதர் அலி

ஸ்பிரிட் கம் வாசனை உனக்கு நினைவிருக்கும். பொய்த்தாடி ஒட்டுகிற பசை. சாராயத்தில் மரப்பிசினைக் கரைத்த மாதிரி ஒரு நெடி, மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. போன வாரம் திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு வேன் நிழலில் ஒதுங்கி நின்றபோது அது வந்தது. திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மேக்கப்காரர் அவர் தாடையில் பசையைத் தடவி, கறுப்புத் தாடியைத் துண்டு துண்டாக வைத்து ஈரத்துணியால் அழுத்திக்கொண்டிருந்தார். வேன் கதவில் ஒரு பச்சை அங்கி தொங்கியது. யார் வேஷம் என்று கேட்காமலே தெரிந்தது. ஆனாலும் நிருபர் தொழில் பழக்கம் விடுமா, கேட்டேன்.

"ஹைதர் அலி சார்" என்றார் மேக்கப்காரர்.

என் கை தானாகப் போனை எடுத்துவிட்டது. உன்னைக் கூப்பிட்டு, "மாப்ள, ஒடனே கெளம்பி அடிவாரத்துக்கு வா, தாடிய ஒட்டிக்கிட்டு இருக்கான்" என்று சொல்ல வேண்டும். உன் எண்ணை இன்னும் அழிக்கவில்லை. திரையில் உன் பெயர் வந்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. அதனால் எழுதுகிறேன். அன்று நடந்ததை யாரிடமாவது முழுசாகச் சொல்லியாக வேண்டும். உன்னைத் தவிர வேறு யாருக்கும் அதில் பாதிகூடப் புரியாது.

வந்திருந்தது கைப்பேசியில் பார்க்கிற தொடர் ஒன்றை எடுக்கிற கூட்டம். கதை வேலு நாச்சியாருடையது. கணவரைப் போரில் இழந்த சிவகங்கை ராணி, மகளோடு தப்பி நம் பக்கம் வந்து விருப்பாச்சியில் தங்கியதும், ஹைதர் அலியைப் பார்த்துப் படை உதவி கேட்டதும் நம் ஊரில் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கும் தெரிந்த கதை. அந்தச் சந்திப்பைத்தான் எடுக்கப்போகிறார்கள். பின்னால் பாறை தெரியும்படி கீழேயே ஒரு தர்பார் போட்டிருந்தார்கள். நாம் மேடை ஏற்றிய அதே காட்சி!

நம் நாடகம் போட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்குமா? வாசகர் மன்றத்து ஆண்டு விழாவுக்கு ஏதாவது சரித்திர நாடகம் போடலாம் என்று ஆரம்பித்துவைத்தவர் அருளானந்தம் சார். பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்று, ஊரில் எந்த மேடை நாடகம் என்றாலும் இயக்குவது அவர்தான் என்று இருந்தவர். ராணிக்கு ஸ்டெல்லா டீச்சர் என்று உடனே முடிவானது. ஹைதர் அலி யார் என்று கேட்டபோது கூட்டமே உன்னைப் பார்த்தது. உன் குரல் ஒரு காரணம், உயரம் ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை யாரும் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்.

"பேரப் பாத்து முடிவு பண்ணிட்டீங்க. சரி விடுங்க, ராசா வேஷம்தான."

ஒத்திகைக்கு இடம் இல்லையென்று உன் தோல் மண்டியின் மாடியைக் கொடுத்தாய். கீழே உப்புப் போட்ட ஆட்டுத்தோல் அடுக்கடுக்காகக் கிடக்கும். முதல் நாள் படியேறி வந்த ஸ்டெல்லா டீச்சர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "அண்ணே, ராணிக்கு மொத போர்க்களம் இதுதானா?" என்று கேட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே சார் உன் கையில் வசனத் தாளைக் கொடுத்தார். நீ சத்தமாக வாசித்தாய்.

"நம்பள்தான் ஹைதர் அலி! நிம்பள் ராணி நம்பள்கிட்டே உதவி கேட்டு வந்தான்!"

வாசித்துவிட்டு டீச்சரைப் பார்த்தாய். "டீச்சர், நீங்க வந்தானா?"

மாடியே குலுங்கியது. சாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அது அந்தக் காலத்துப் பேச்சு தம்பி. முசல்மான் ராசா தமிழ் பேசுனா அப்படித்தான பேசுவாரு. நாடகத்துல எல்லாம் அப்படித்தான் வரும்."

"சார், எங்க வீட்டுல யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல."

"நீ வேற, ஹைதர் அலி வேற."

"அதத்தான் நானும் சொல்றேன். அவரு ராசா. ராசாவுக்குத் தப்புத் தப்பா ஏன் எழுதுறீங்க?"

சார் நல்ல மனிதர். யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். "அப்பச் சுத்தமான உருதுலயே பேசிரு. ராணியும் உருதுலதான் பேசுனாங்கன்னு சொல்லுவாங்க. மரியாதையாவும் இருக்கும்." அதைச் சொல்லிவிட்டு எல்லாம் தீர்ந்ததென்று அவர் டீ கிளாஸை எடுத்தபோதுதான் நீ சொன்னாய்.

"எனக்கு உருது தெரியாதே சார்."

அவர் முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நம் ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர், உங்கள் ஆள்கள் நிறைந்த பேகம்பூரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பாய்க்கு உருது தெரியாதா?"

"நாங்க ராவுத்தருங்க சார். பொறந்ததுலருந்து தமிழ்தான். அத்தா என்னய அடிச்சதும் தமிழ்லதான், அம்மா அவர வஞ்சதும் தமிழ்லதான்."

கடைசியில் தெரிந்தது என்ன? அந்த மாடியில் இருந்த அத்தனை பேரில் அந்தப் பாஷையோடு கொஞ்சமாவது பழக்கம் உள்ளவர் ஸ்டெல்லா டீச்சர் ஒருவர்தான். இந்திப் பரீட்சைகள் எல்லாம் எழுதி, வீட்டில் டியூஷனும் எடுத்தவர். ராணி தன் வசனத்தைத் தானே எழுதிக்கொண்டார், ராஜாவுடையதையும் அவரே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக மண்டிக்கு வந்து உனக்குச் சொல்லிக்கொடுப்பார். "ஆயியே அண்ணே, ஆயியே. வாங்கன்னு அர்த்தம். 'ஆயி' இல்ல. ஆயின்னா அது வேற." தோல் பேரம் பேச வந்த வியாபாரிகள் படிக்கட்டில் நின்று காது கொடுப்பார்கள்.

அந்த நாட்களில் நாம் இருவரும் ஓயாமல் பேசியது ஒன்றே ஒன்று: இந்த ஹைதர் அலியை இதுவரை எங்கெல்லாம் பார்த்திருக்கிறோம். பழைய காலண்டரில் குதிரைமேல் பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் அட்டை வாளோடு பார்த்திருக்கிறோம். வடநாட்டிலிருந்து மொழிமாற்றி வந்த தொடரில், நூறு விளக்கு எரிகிற மண்டபத்தில், கண்ணில் மையோடு பார்த்திருக்கிறோம். தேர்தல் வந்தால் சுவரொட்டியில் வருவார். இப்போது கைப்பேசியில் அனுப்புகிற படங்களில் வருகிறார். ஒன்றில் ஊரைக் கொளுத்த வருகிறார், இன்னொன்றில் வெள்ளைக்காரனை விரட்ட வருகிறார். படையெடுத்துப் போனவர் எவரையும் பற்றி இரண்டு ஊரில் இரண்டு கதை இருக்கத்தான் செய்யும், அதில் எனக்குத் தகராறு இல்லை. நீ கண்டுபிடித்தது வேறு. "மாப்ள, எதுலயாச்சும் இந்த ஆளு உக்காந்து சோறு திங்கிறாரா பாத்தியா? எவன்கிட்டயாவது 'வாப்பா, எப்படி இருக்க'ன்னு கேக்குறாரா? சிரிக்க மட்டும்தான் விடுறாங்க." அப்புறம் அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினாய். கீழே தோலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பயந்து மேலே பார்த்தார்கள்.

நான் என் வழக்கப்படி நூலகத்துக்குப் போனேன். அந்தக் காலத்தில் எழுதியவர்களும் அதற்குக் கொஞ்சம் பின்னால் எழுதியவர்களும் என்ன சொல்கிறார்கள் என்று தேடினேன். இரண்டு சங்கதி கிடைத்தது. இரண்டையும் மண்டிக்கு வந்து மூச்சு வாங்கச் சொன்னேன்.

முதலாவது, ஹைதர் அலிக்குத் தாடியே கிடையாது. மீசை கிடையாது. புருவத்தைக்கூட மழித்துவிடுவார் என்று நேரில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது, எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் ஐந்து பாஷை சரளமாகப் பேசுவாராம். அதில் தமிழும் ஒன்று.

நீ அப்போது ஒரு கட்டுத் தோலை எண்ணிக்கொண்டிருந்தாய். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. "திரும்பச் சொல்லு" என்றாய். சொன்னேன். "தமிழா?" தமிழ்தான் என்றேன். ராஜா ஆவதற்கு முன்னால் மைசூருக்காக இந்தக் கோட்டையில் அதிகாரியாக இருந்தவர்தானே, இங்கே ஆள்களோடு எப்படிப் பேசியிருப்பார் என்று கேட்டேன். நீ கையில் இருந்த உப்பைத் துடைக்கக்கூட இல்லை, என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனாய்.

சார் பொறுமையாகக் கேட்டார். தாடி விஷயத்தில் இறங்கி வந்தார். பாஷையில் முடியாது என்றுவிட்டார்.

"ஜனங்க சிரிச்சிருவாங்க தம்பி. ஹைதர் அலி வந்து நம்மளாட்டம் பேசுனா சரித்திர நாடகம் சமூக நாடகம் ஆயிரும். கீழ உக்காந்திருக்கவனுக்கு இவர்தான் ஹைதர் அலின்னு எப்படித் தெரியும்?"

"பேருதான் சொல்றோமே சார்."

"பேரு பத்தாது. உருதுலதான் பேசுற. மேடையில வசனத்த மாத்துன, கயித்த நானே புடிச்சுத் திரைய எறக்கிருவேன். சத்தியம்."

அவர் சத்தியம் செய்தால் செய்ததுதான். உனக்கும் தெரியும்.

ஆத்தூர்ப் பக்கம் தோல் எடுக்கப் போன அன்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய். அணைக்கரையில் வண்டியை நிறுத்தி, தண்ணீரைப் பார்த்து நின்று, உருது வசனத்தைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தாய். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பயபக்தியோடு எழுந்து நின்று, "என்ன பாய், ஓதுறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே, மீனு நல்லா கெடைக்கட்டும்னு" என்றாய் நீ.

அவர் போன பிறகு கரையில் உட்கார்ந்து சொன்னதுதான் எனக்கு முக்கியம். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் உன்னை யாரும் ஜெயித்ததில்லை. அது எனக்கும் தெரியும், தோற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஆண்டு விழா நாடகம் என்று வந்தால் உனக்கு வட்டிக்காரச் சேட்டு, இல்லையென்றால் நவாப்பு. "எந்த வேஷம் குடுத்தாலும் கடேசில அதே நம்பள்கி நிம்பள்கிதான் மாப்ள. பேச்சுப் போட்டி மேடையில நான் தமிழன். அதே மேடையில செத்த நேரம் கழிச்சுத் தொப்பியப் போட்டா, தமிழ் தெரியாதவன். கீழ எங்க அத்தா உக்காந்திருப்பாரு. எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு அவரும் சிரிப்பாரு." ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாய். "இந்த ஆளும் தமிழ் பேசுனாருன்னு நீ வந்து சொல்லிட்டியே. தெரிஞ்சுக்கிட்டு எப்படிடா நான் வேற மாதிரிப் பேச?"

நிருபனுக்குப் பதில் சொல்லிப் பழக்கம் கிடையாது. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அந்த நாடகம் எனக்கு ஆண்டு விழா நிகழ்ச்சியாகத் தெரியவில்லை.

விழாவுக்கு முதல் நாள் காலையில் உன் வீட்டிலிருந்து போன் வந்தது. உன் மனைவி.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. மொகத்துல இருந்ததையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு வந்து நிக்கிறாரு. பேரன் யாரோன்னு நெனச்சு அலறுறான். அடுத்த வாரம் சின்னவளுக்கு நிச்சயம் வச்சிருக்கு. சம்மந்தி வீட்டுக்காரங்க மீச வச்ச மாமனாரப் பாத்துட்டுப் போனாங்க. இப்ப நான் யாரக் காட்டுறது?"

ஓடிவந்து பார்த்தேன். எத்தனையோ வருடமாகப் பார்த்த அந்த மீசை இல்லை. உன் முகம் கழுவி வைத்த வெண்கலச் செம்பு மாதிரி இருந்தது. புருவத்தையும் எடுக்கத்தான் போயிருக்கிறாய், முடிவெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். "புருவம் இல்லாட்டி வேர்வ நேராக் கண்ணுல எறங்கும் பாய், அந்தப் பாவம் எனக்கு வேணாம்." புருவத்தின் மேல் சோப்பைத் தேய்த்து, அதன்மேல் வண்ணம் பூசி மறைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். உன் மனைவி என்னை முறைத்த முறையில், இதற்கெல்லாம் மூலகாரணம் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது தெரிந்தது.

மேடை. பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. பேகம்பூரிலிருந்து உன் ஆள்கள், தேவாலயத் தெருவிலிருந்து டீச்சரின் ஆள்கள், நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வந்த வேன்காரர்கள்கூட வேனைச் சுவரோரம் நிறுத்திவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் முன் வரிசையில், பக்கவாட்டில். அங்கிருந்து பார்த்தால் திரைக் கயிறும் அதைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற அருளானந்தம் சாரும் தெரிவார்கள்.

நீ சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாய். தாடி இல்லை, மீசை இல்லை, புருவம் இல்லை. கூட்டத்தில் ஒரு குழப்பம். "யாருப்பா இது? வெள்ளக்காரத் தொரையா?" என்று பின்னால் யாரோ கேட்டது காதில் விழுந்தது. சார் சொன்னது சரிதானோ என்று திரைக் கயிற்றைப் பார்த்தேன். ராணி வந்தார். நிமிர்ந்து நின்று தன் வசனத்தைச் சொன்னார்: "ஹம் ஆப் சே மதத் மாங்க்னே ஆயே ஹைன்." நாங்கள் உங்களிடம் உதவி கேட்டு வந்திருக்கிறோம் என்று அர்த்தம். தினமும் பார்க்கிற டீச்சர் வாயில் உருதா என்று மைதானம் வாயைப் பிளந்தது. பிறகு எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பியது.

நீ எழுந்தாய். சிம்மாசனத்தை விட்டு இறங்கினாய். இறங்குவது ஒத்திகையில் இல்லை. வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டாய் என்றுதான் டீச்சர் நினைத்தார். உதட்டை அசைக்காமல், "ஆயியே... ஆயியே..." என்று எடுத்துக்கொடுத்தார். மைக் அதையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

நீ பேசினாய்.

"வாங்க தங்கச்சி. அம்புட்டுத் தொலவு நடந்து வந்திருக்கீங்க. செத்த நேரம் உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க, பெறகு பேசுவோம்."

வேன்மேல் இருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். ஒரே ஒரு சிரிப்பு. நான் சாரைப் பார்த்தேன். கயிறு அவர் கையில் இறுகியிருந்தது. நீயும் அதைப் பார்த்தாய், பார்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாய்.

"நீங்க எம் பாஷயில பேசிட்டீங்க. நான் ஒங்க பாஷயில பேசலேன்னா, இந்தக் கோட்டையில இம்புட்டு நாளு நான் குடியிருந்தது என்னத்துக்கு?"

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கத்தினார்: "அப்படிச் சொல்லு ராசா!"

அவ்வளவுதான், மைதானம் பொங்கிவிட்டது! விசில், கைதட்டல், வேன்காரர்கள் தகரத்தைத் தட்டுகிறார்கள். எத்தனை பொதுக்கூட்டம், எத்தனை தலைவர்கள் பார்த்தவன் நான். ஒரு வாக்கியத்துக்கு ஊர் அப்படி எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. சத்தம் குறையட்டும் என்று நீ காத்திருந்தாய், அடுத்து என்ன பேசுவதென்று உனக்கே தெரியாது என்பது உன் கண்ணில் தெரிந்தது. காப்பாற்றியவர் ஸ்டெல்லா டீச்சர். அவருக்கு மிச்சம் இருந்ததெல்லாம் உருது வசனம். அத்தனையையும் விட்டுவிட்டுச் சொன்னார்:

"தண்ணி இருக்கட்டும்ண்ணே. பட எம்புட்டுத் தருவீங்க?"

மறுபடி மைதானம் எழுந்தது. பாதியில் எங்கேயோ சரித்திர நாடகம் அண்ணன் தங்கச்சி பேச்சாகி, அப்படியே ஓடிப் படையோடு முடிந்தது. திரை முடிவில்தான் இறங்கியது.

பின்னால் வந்து பார்த்தபோது சார் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கயிறு சிக்கிக்கிச்சு" என்றார், நாங்கள் கேட்காமலே. "இல்லாட்டி எறக்கிருப்பேன்." பிறகு உன்னைக் கூப்பிட்டு, "சரித்திரத்தையே கெடுத்துட்ட தம்பி" என்றார். பிறகு, "நல்லா இருந்துச்சு" என்றார். உன் தோளைப் பிடித்தவர் ரொம்ப நேரம் விடவில்லை. சோப்புக் கரைந்து உன் புருவம் வெளியே வந்துகொண்டிருந்தது.

மீசை வளரும் முன்பே நிச்சயம் நடந்தது. சம்மந்தி வீட்டுக்காரர் உன்னைக் கட்டிப்பிடித்து, "ராசா வீட்டுலதான் பொண்ணு எடுக்குறோம்" என்றார். அதற்குப் பிறகு தோல் மண்டி என்று யாரும் சொல்லவில்லை, ஹைதர் மண்டி என்றார்கள். சர்க்கரை வியாதி கூடி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்சுகளிடமும் அந்தப் பெயரைத்தான் சொல்லி வைத்திருந்தாய். உன் ஜனாஸா ஊர்வலத்துக்கு வந்த வேன்காரர் ஒருவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரே வந்து சொன்னார்: "நான்தாங்க அன்னிக்கு வேன்மேல இருந்து சிரிச்சேன். பெறகு தட்டுனதும் நான்தான்."

இனி போன வாரத்துக்கு வருகிறேன்.

வசனத் தாளோடு நின்ற உதவி இயக்குநர் பெண்ணிடம், ஹைதர் என்ன பேசப்போகிறார் என்று கேட்டேன். காட்டினாள். "நம்பள் நாட்டிலே ராணிக்கு என்ன வேணும்?" இத்தனை வருடத்துக்கு அப்புறமும் அதே நம்பள்! நான் மெதுவாக, ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னேன். ஐந்து பாஷை, அதில் தமிழ். அவள் கவனமாகக் கேட்டாள். "இன்ட்ரஸ்டிங் சார். ஆனா ஒரு பீரியட் ஃபீல் வேணும்ல? அவர் சாதாரணமா பேசினா ஹைதர் அலின்னு எப்படித் தெரியும்?"

அருளானந்தம் சார் எழுந்து வந்து பேசியது போலவே இருந்தது. அவரே சென்னையிலிருந்து இந்த வயதுப் பெண்ணாகத் திரும்பி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். தாடி ஒட்டி முடிந்திருந்தது. "என்னங்க சார் சொன்னீங்க, தமிழ் பேசுவாருங்களா?" அந்த 'ங்க'வைக் கேட்டதும் எந்தப் பக்கம் என்று பிடித்துவிட்டேன். பழனி போகிற வழியில் இருக்கும் ஆயக்குடி. அப்பாவுக்குக் கொய்யாத் தோப்புக் குத்தகையாம். "நானும் பாய்தானுங்க, எங்க ஊட்லயும் தமிழ்தானுங்க. இந்த வசனத்த ராத்திரி அம்மாகிட்டப் படிச்சுக் காட்டுனேன். ஏண்டா, சினிமால இன்னுமா இப்படிப் பேசுறாங்கன்னு கேட்டாங்க."

அவரிடம் உன் கதையைச் சொன்னேன். மீசை, சோப்பு, கயிறு, தங்கச்சி, எல்லாம். நடுவில் மேக்கப்காரர் சீப்பை வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். அந்தப் பெண்ணும் தாளை மடித்துக்கொண்டு நின்றாள். தாடி கிடையாது என்று சொன்னபோது நடிகர் பரிதாபமாகத் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "ஒட்டிட்டாங்களேங்க." தாடி போகட்டும் என்றேன். அவர் எழுந்து நேராக இயக்குநரிடம் போனார். தூரத்தில் கைகள் அசைந்தன, தலைகள் அசைந்தன. திரும்பி வந்தவர் முகத்தில் அன்று கயிற்றைப் பார்த்த உன் முகம்.

"நம்பள் ஒண்ணு எடுத்துக்குவாங்களாமா. பொறவு நமக்கு ஒரே ஒரு டேக் தர்றாங்களாமா. உங்க கூட்டாளி என்ன சொன்னாருன்னு அப்படியே சொல்லுங்க சார்."

சொன்னேன். உன் வார்த்தைகள் எதையும் நான் தேட வேண்டியிருக்கவில்லை.

நம்பள் டேக் ஓடியது. கயிறு கட்டி நிறுத்தியிருந்த நம் ஊர்க்கூட்டம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்ததே தவிர எதுவும் பேசவில்லை. இரண்டாவது டேக். ராணி பேசி முடித்தார். நடிகர் ஆசனத்தை விட்டு இறங்கினார். அதை நான் அவருக்குச் சொல்லித்தந்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

"வாங்க தங்கச்சி. அத்தன தொலவு வந்திருக்கீங்கொ. செத்த உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

உன்னுடையதை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உன் ஹைதர் பேகம்பூர், இவர் பழனி ரோடு. எனக்கு அது பிடித்திருந்தது. ஐந்து பாஷை பேசியவர் இரண்டு தமிழும் பேசியிருப்பார்தானே! அவர் பேசி முடிக்கவும் கயிற்றுக்குப் பின்னால் கைதட்டல் வெடித்தது. ஒலிப்பதிவு செய்கிறவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "ஏலே, நம்ம ஊரு ராசாடா!" இயக்குநர் திரும்பி அந்தக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார், தன் திரையை ஒரு தடவை பார்த்தார். எதை வைத்துக்கொள்வார்கள், எதை வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதுவதில்லை.

அன்று மாலையே செய்தியை எழுதி அனுப்பிவிட்டேன். நாடகத்தில் உன் மீசை எப்படிப் போயிற்று என்பது உட்பட. முதல் வரி: "திண்டுக்கல் கோட்டையில் இருந்து தமிழ் பேசிய ஹைதர் அலி." கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி ஆசிரியர் கூப்பிட்டார். மரியாதையான பையன், சந்தேகம் வந்தால் விடமாட்டான். நான்தான் அப்படிப் பழக்கியிருக்கிறேன்.

"சார், ஹைதர் அலி தமிழ் பேசுவாரா? உறுதியாப் போடலாமா?"

பழைய குறிப்புகள் இருக்கின்றன, யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று அவனுக்கு வரிசையாகச் சொல்லியிருக்கலாம். நாற்பது வருடமாக அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் வாயில் வேறு வந்தது.

"பேசுவாருப்பா. நான் கேட்டிருக்கேன்."